பசை போட்ட மலை

கோலி சார் என்ன வேலை பார்க்கிறார் என்பது அவருடைய மாமியாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல கல்லு உடைக்கிறார்" என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் பதறிப்போய், "ஐயோ பாவம், அப்படி என்ன குத்தம் பண்ணினார்?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து மாமியார் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அவர் செய்வது இதுதான். கல்லை யாராலும் கம்ப்யூட்டருக்குள் தூக்கி வைக்க முடியாது. ஆகவே திரையில் ஆயிரக்கணக்கில் குட்டி குட்டி உருண்டைகளைக் கொட்டுவார். உருண்டையும் உருண்டையும் தொடுகிற இடத்திலெல்லாம் கற்பனையாகக் கொஞ்சம் பசை தடவுவார். ஒட்டிய கட்டிக்குக் கல் என்று பெயர் வைத்துவிட்டு, மேலே ஒரு தட்டும் கீழே ஒரு தட்டும் வைத்து அமுக்குவார். நிஜக் கல் எந்தப் பாரத்தில் நொறுங்குகிறதோ அதே பாரத்தில் இந்தப் பொய்க் கல்லும் நொறுங்க வேண்டும். முன்னாலேயே நொறுங்கினால் பசையைக் கூட்ட வேண்டும், நொறுங்காமல் அடம் பிடித்தால் குறைக்க வேண்டும். இப்படிக் கூட்டிக் கூட்டிக் குறைப்பதற்குக் கேலிபரேஷன் என்று பெயர். இதற்காக அவர் டாக்டர் பட்டமே வாங்கியிருக்கிறார். ஆனாலும் அலுவலகத்தில் ஒருவரும் டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. திரை நிறைய உருண்டையைப் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் 'கோலி' என்று ஆரம்பித்துவைக்க, அதுவே நிலைத்துவிட்டது.

நிஜக் கல்லை உடைப்பது யார் என்று கேட்கிறீர்களா? அவர் மனைவி. அதே கம்பெனியில் கீழ்த்தளத்தில் இருக்கும் சோதனைக்கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. மலையைத் துளைத்து எடுத்து வருகிற உருளைக் கற்களை அறுத்து, தேய்த்து, இயந்திரத்தில் வைத்து உடைத்து, எவ்வளவு தாங்கியது என்று எழுதி மாடிக்கு அனுப்புவாள். மாடியில் கணவர் தன் கோலிக்குண்டுகளை அதற்கு ஒத்துப்போக வைப்பார். அவள் சொன்னபடி இவர் கல் உடைய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வீட்டிலும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான் என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இந்த முறை வந்திருந்த வேலை பெரியது. ஒரு மலைக்குள் ஏற்கெனவே குறுகலாக ஒரு சுரங்கம் வெட்டியிருந்தார்கள். அதன் ஒரு பகுதியை அகலப்படுத்தி, ராட்சச இயந்திரங்களை நிறுத்துகிற அளவுக்குக் கூடம் ஆக்க வேண்டும். கூடத்துக்குக் கூரை அந்த மலையேதான். பாறை பிய்ந்து விழாமல் இருக்க நீள நீள இரும்பு போல்ட்டுகளைத் துளையிட்டு உள்ளே இறக்குவார்கள். நெருக்கமாக இறக்கினால் வேலை இழுக்கும், செலவும் ஏறும். தள்ளித் தள்ளி இறக்கினால் சீக்கிரம் முடியும். எவ்வளவு தள்ளி இறக்கலாம் என்று கோலி சாரின் உருண்டை மாடல் சொல்ல வேண்டும். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்தச் சுரங்கத்தில் துளையிடும் குழுவுக்குப் பொறுப்பான இன்ஜினியர், அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. ஒரே தம்பி. கூரை எப்படி இருந்தாலும் அதன் கீழே முதலில் போய் நிற்கப்போகிறவன் அவன்தான்.

கம்பெனியின் இயக்குநரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் அவரை எல்லோரும் 'பிரமாதம்' என்பார்கள். எந்தப் படத்தைக் காட்டினாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். ஒருமுறை பிரிண்டரில் மை சிந்திப்போன காகிதத்தைக் கையில் வாங்கி, "பிரமாதம், இந்த வெடிப்பு எவ்வளவு தத்ரூபமா வந்திருக்கு!" என்றிருக்கிறார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எண்ணமே அதிகம் கிடையாது என்பதுதான் சங்கடம்.

மாதக் கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, ஒரு நாள் காலையில் திரையின் வரைபடத்தில் கோலி சாரின் கோடு மனைவியின் சோதனைக் கோட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அமுக்குச் சோதனையில் நிஜக் கல் எப்படி ஏறி, எங்கே திணறி, எங்கே பொலபொலவென்று சரிந்ததோ, அப்படியே உருண்டைக் கட்டியும் ஏறிச் சரிந்தது. பசை கொஞ்சம் தாராளமாகத்தான் போயிருந்தது. அதனால் என்ன, கோடு பொருந்திவிட்டதே!

இயக்குநர் மாடி முழுவதையும் கூட்டிவிட்டார். "பாருங்க, பாருங்க, எது நிஜக் கல்லு, எது நம்ம கல்லுன்னு சொல்லுங்க பாப்போம்!"

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கை தட்டினார்கள். கேக் வந்தது. "துறைத்தலைவர் நாற்காலி காலியா இருக்கு கோலி சார். இந்த ரிப்போர்ட் போகட்டும், அது உங்களுக்குத்தான்" என்று தோளைத் தட்டினார் இயக்குநர். கோலி சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாயில் கேக்கோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் படியேறி மனைவி வந்தாள்.

அவள் மாடிக்கு வருவது அபூர்வம். தலைமுடியில் கல்தூள், கையில் மூக்குக்கவசம். திரையை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"அமுக்குறதுல சரியா வந்திருக்கு. இழுக்கறதுல?"

"அதையும் பாக்கணும்" என்றார் அவர், கேக்கை விழுங்கியபடி.

"வட்டு ரிசல்ட்டு போன மாசமே அனுப்பிட்டேன். திறந்தாவது பாத்தீங்களா?"

"பாக்கறேன்மா. எல்லாரும் இருக்காங்க பாரு."

எல்லோரும் இருந்தார்கள்தான். எல்லோர் கையிலும் கேக்கும் இருந்தது. அவள் ஒரு துண்டுகூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

கல்லுக்கு ஒரு குணம் உண்டு. அமுக்கினால் யானை பலம் காட்டும். இழுத்தால் ரஸ்க் மாதிரி உடைந்துபோகும். கல்லைக் கையால் பிடித்து இழுக்க முடியாது என்பதால், அதை வட்டு வட்டாக அறுத்து, பக்கவாட்டில் நிறுத்தி அழுத்துவார்கள். வட்டு நடுவில் இரண்டாகப் பிளந்துகொள்ளும். அந்தப் பிளவுதான் இழுவைக்குக் கல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும். அமுக்கத்தில் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

உருண்டைகளின் கதை வேறு. நிஜக் கல்லுக்குள் இருக்கிற மணிகள் கோணல்மாணலாக ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு கிடக்கும். பசை இல்லாவிட்டாலும் அமுக்கத்துக்கு அவ்வளவு சுலபமாக அசைந்துகொடுக்காது. உருண்டைக்கு உருளத்தான் தெரியும். அது உருளாமல் நிற்க வேண்டுமானால் பசையை அள்ளிப் பூச வேண்டும். அப்படிப் பூசிவிட்டால் இழுத்தாலும் விடாது. ஆகவே அமுக்கத்தில் அச்சு அசலாக இருக்கிற பொய்க் கல், இழுவையில் நிஜக் கல்லைவிட மூன்று மடங்கு பலசாலி ஆகிவிடும். கூடத்தின் கூரைக்கோ இழுவைதான் எமன். நடுவில் தொய்கிற பாறையின் அடிப்பக்கம் இழுபட்டுத்தான் பிளக்கும். மாடலில் கூரை ஜம்மென்று நிற்கும், மலையில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

இது ஏதோ பரம ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த வியாதி இது. கோலி சார் டாக்டர் பட்டம் வாங்கிய ஆராய்ச்சியில் இதைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். தேர்வு வைத்தவர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் அதிகம் பாராட்டினார்கள்.

அவர் சும்மாவும் இருந்துவிடவில்லை, நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாளே வட்டு முடிவுகளைத் திறந்து பார்த்தார். நேரே எழுந்து இயக்குநரின் அறைக்குப் போய், உருண்டைகளை விட்டுவிட்டுக் கோணல் மணிகளாகச் செய்து மறுபடி முதலிலிருந்து பொருத்த வேண்டும், இன்னும் சில மாதங்கள் வேண்டும் என்று சொன்னார்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "கோடுதான் பொருந்திடுச்சே?"

"அது அமுக்கத்துல சார். இழுவைல நம்ம கல்லு ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு."

"ஸ்ட்ராங்கா இருந்தா நல்லதுதானே?"

கோலி சார் தலையைச் சொறிந்தார். இயக்குநர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை, அதனால் நெற்றி வேர்த்தது. பிறகு முகம் மலர்ந்தது.

"ஏன் சார், மாடல் தப்புன்னே ஏன் நினைக்கறீங்க? கல்லு தப்பா இருக்கலாம் இல்லையா? அறுக்கும்போது அடி பட்டிருக்கும். லாரில வரும்போது குலுங்கியிருக்கும். கீழ லேப்ல உங்க வீட்டம்மாதானே? நல்ல கல்லா நாலு பொறுக்கி எடுத்து இன்னொரு தடவை பண்ணச் சொல்லுங்க. மாடலுக்குத் தோதா வரும்."

மலைக்கு ஏற்றபடி மாடலைத் திருத்துவதுதான் உலக வழக்கம். மாடலுக்கு ஏற்றபடி மலையைத் திருத்தச் சொன்ன முதல் மனிதர் இந்த இயக்குநர்தான். கோலி சார் அப்போதே சிரித்திருக்க வேண்டும், அல்லது சண்டை போட்டிருக்க வேண்டும். நாற்காலியை நினைத்தார். "கேட்டுப் பாக்கறேன் சார்" என்றார்.

கீழ்த்தளத்தில் எப்போதும் ஒரு ஈரக் கல் வாசனை இருக்கும். மனைவி இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இவர் வந்த விஷயத்தை மென்று முழுங்கிச் சொன்னார். அவள் தட்டிலிருந்து வட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லாதவையாகப் பொறுக்கினாள்.

"இதைவிட நல்ல கல்லு அந்த மலையில கிடையாது. நீங்களே தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. இயந்திரத்தில் நிறுத்தினாள். அது மெதுவாக அழுத்தியது. டக் என்று ஒரு சத்தம், வட்டு இரண்டாகிவிட்டது. எண் முன்பு வந்ததைவிடக் கொஞ்சம்தான் மேலே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இன்னும் கீழே போய்விட்டது.

கோலி சார் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் வேகமா அமுக்கிப் பாத்தா என்ன?"

அவள் கை நின்றது. வேகமாக அமுக்கினால் கல் கொஞ்சம் அதிகமாகத் தாங்கியதுபோல் காட்டும். இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் தெரிந்துதான் கேட்கிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏங்க, மலை என்ன உங்க அவசரத்துக்கா தொங்கப்போகுது? அது வருஷக்கணக்கா மெதுவாத்தான் இழுக்கும். நான் மெதுவாத்தான் அமுக்குவேன்."

"சும்மா ஒரு யோசனைதான் சொன்னேன்."

"இப்படி யோசனை சொல்ற ஆளு இல்லையே நீங்க. யாரு சொல்லி அனுப்பினது, மேல இருக்கறவரா?" கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "என் நம்பரை அப்படியே போடுங்க. குறைச்சலா இருந்தா குறைச்சலாவே இருக்கட்டும். அதுக்குத் தகுந்த மாதிரி போல்ட்டை நெருக்கிப் போடச் சொல்லுங்க. அங்க நிக்கப்போறது என் தம்பி."

"எனக்குத் தெரியாதா? அவன் எனக்கும் தம்பி மாதிரிதானே."

"அப்ப போடுங்க."

"போடறேன்மா."

அப்படிச் சொல்லும்போது நிஜமாகவே போடத்தான் நினைத்தார். மாடிப்படி ஏறும்வரை அந்த எண்ணம் இருந்தது. மாடியில் இயக்குநர் வாடிக்கையாளரோடு போனில் இருந்தார். "போல்ட்டு கம்மியாத்தான் வரும், கவலையே படாதீங்க, எங்க மாடல் பிரமாதமா வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே கோலி சாரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். கோலி சாரும் உயர்த்தினார். அந்த விரல் ஏன்தான் உயர்ந்ததோ அவருக்கே தெரியாது.

ரிப்போர்ட் போயிற்று. அமுக்கக் கோடு முதல் பக்கத்திலேயே கலரில் கம்பீரமாக நின்றது. வட்டுகளின் எண்கள் எங்கும் இல்லை. 'இழுவைத் தன்மை குறித்து மேலும் ஆராயலாம்' என்று கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் ஒரு வரியைப் போட்டுப் பூசி மெழுகியிருந்தார். ஆராயலாமாம்! ஆராய்ந்தால் நல்லது, ஆராயாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது என்கிற தொனியில் இருந்தது அந்த வரி.

அன்று சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "என் நம்பரைச் சேத்துட்டீங்கள்ல?"

"சேத்துட்டேன்" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை உண்மை வந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து கணக்கு விஷயத்தில் அவர் அவளிடம் பொய் சொன்னதே இல்லை. கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நண்பர் வீட்டுக்குப் போயிருக்கிறார். மாமியார் வருகிறார் என்றதும் தலைவலி என்று படுத்திருக்கிறார். எண்களில் மட்டும் கை வைத்ததில்லை. அதனால் அவள் நம்பிவிட்டாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இரண்டாவது முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மனிதனுக்குத் தன்னைச் சமாதானம் செய்துகொள்ளச் சொல்லியா கொடுக்க வேண்டும்? எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் செய்கிறது என்று சொல்லிக்கொண்டார். மலை ஆயிரமாயிரம் வருஷமாக நிற்கிறது, நாம் போய் ஒரு ஓட்டை போட்டதாலா விழப்போகிறது என்று சொல்லிக்கொண்டார். வரிதான் எழுதியிருக்கிறோமே, படிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு என்றும் சொல்லிக்கொண்டார். இந்தச் சப்பைக்கட்டுகளை எல்லாம் புதிய நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் கட்டினார். நாற்காலி சுழலும் வகை.

கூடத்தை அகலப்படுத்தும் வேலை தொடங்கிய பிறகு ஒரு விடுமுறை நாளில் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வீட்டுக்கு வந்தான். நல்ல உயரம், உரத்த குரல், சிரித்தால் தெருமுனைவரை கேட்கும். அக்கா பரிமாற, சாப்பிட்டுக்கொண்டே கதை அளந்தான்.

"ஆரம்பத்துல பசங்க கொஞ்சம் பயந்தாங்கக்கா. 'என்ன சார், போல்ட்டு இவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கு, மேல பாத்தாலே பக்குனு இருக்கு'ன்னாங்க. நான் சொன்னேன், டேய், அந்தக் கல்லை உடைச்சுப் பாத்தது எங்க அக்கா, கணக்குப் போட்டது எங்க மாமா. அது எங்க வீட்டு மலைடா, தைரியமா நில்லுங்கடான்னேன். அதுக்கப்புறம் ஒருத்தன் வாயைத் திறக்கல."

அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அப்படி ஒரு பெருமை. கோலி சாருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"என்ன மாமா, பேசவே மாட்டேங்கறீங்க?"

"தண்ணி எடு மச்சான்" என்றார் அவர்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். குடித்தார், சொல்லவில்லை.

கூடத்தின் முதல் பாதி அகலமாகி முடிந்ததும் வாடிக்கையாளர்கள் நேரில் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். இயக்குநருக்குக் கால் தரையில் பாவவில்லை. "கோலி சார், நீங்க இல்லாம எப்படி? உங்க கூரைக்குக் கீழ உங்களை நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்து வாசல்ல மாட்டப்போறோம்!" என்றார். மறுக்க வழியில்லை. இத்தனை வருஷத்தில் கோலி சார் எத்தனையோ சுரங்கங்களுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார். ஒன்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை. தலைக்கவசத்தை முன்பின்னாகப் போட்டுக்கொண்டார். ஒரு தொழிலாளி அதைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிட்டான்.

உள்ளே நடந்தார்கள். முதலில் பழைய குறுகலான சுரங்கம். மேலே பார்த்தார். போல்ட் தலைகள் நெருக்கி நெருக்கி, கம்பி வலை அடித்து, பார்க்கவே நெஞ்சுக்கு இதமாக இருந்தது. யாருடைய மாடலும் இல்லாத காலத்தில், பயந்த மனிதர்கள் போட்டது. அவர் நிம்மதியாக நடந்தார். பிறகு சுரங்கம் சட்டென்று அகன்று கூடமானது. வலை நின்றுவிட்டது. போல்ட் தலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயின. இடையில் வெறும் பாறை, கறுப்பாக, ஈரமாக, கோணல்மாணலாக. திரையில் அவர் பார்த்துப் பார்த்து ஒட்டிய உருண்டை ஒன்றுகூட அதில் இல்லை.

கால் நின்றுவிட்டது.

மற்றவர்கள் போய்விட்டார்கள். வாடிக்கையாளர்கள் அண்ணாந்து பார்த்தபடி நடந்தார்கள். இயக்குநர் கூடத்தின் நட்டநடுவே போய், இரண்டு கையையும் விரித்து நின்று, "பிரமாதம்! ஒரு தூண் இல்ல, பாருங்க, ஒரு தூண் கிடையாது!" என்று எதிரொலிக்கக் கத்தினார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத மனிதருக்கு என்ன பயம்? அந்த மலைக்குள் இருந்த அத்தனை பேரில் விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் வலை முடிகிற இடத்தில், கோடு கிழித்ததுபோல நின்றிருந்தார்.

"வாங்க கோலி சார், போட்டோ!"

"இதோ வரேன் சார்." வரவில்லை. காலைத் தூக்கப் பார்த்தார், அது வேறு யாருடைய காலோபோல இருந்தது. மூளைக்குச் சப்பைக்கட்டு கட்டலாம். காலுக்கு எப்படிக் கட்டுவது?

கூடத்தின் மறுபக்கத்தில் மச்சானின் ஆட்கள் துளையிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அங்கிருந்து கையை ஆட்டினான். "என்ன மாமா, அங்கயே நின்னுட்டீங்க? வாங்க, உங்க கூரைதான்!"

"வயிறு சரியில்ல மச்சான்."

"என்னது? கேக்கல!"

"கால்... கால் மரத்துப்போச்சு."

மச்சான் சிரித்துக்கொண்டே வந்தான். பக்கத்தில் வரவர அந்தச் சிரிப்பு குறைந்தது. தலைக்கவசத்து விளக்கு கோலி சாரின் முகத்தில் விழுந்தது. முகம் வேர்த்துக் கொட்டியிருந்தது. விளக்கு மெதுவாக இறங்கி, வலையின் ஓரத்தை ஒட்டி நின்ற அவர் காலணிகளில் விழுந்தது. பிறகு மேலே போய் வெறும் பாறையில் விழுந்தது. மச்சான் முட்டாள் இல்லை. பாறையைப் பார்த்தே பிழைக்கிற தொழில் அவனுடையது.

"மாமா" என்றான் தணிந்த குரலில். "இது நிக்குமா?"

கோலி சார் வலைக்குக் கீழே இன்னும் ஓர் அடி பின்வாங்கினார்.

"அக்கா நம்பர் அந்தக் கணக்குல இருக்கா, இல்லையா?"

"இல்ல" என்றார்.

எத்தனையோ மாதமாக உள்ளே கிடந்தது, ஒரே மூச்சில் வெளியே வந்து விழுந்தது. மச்சான் அவரை அடிப்பான் என்று நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் திரும்பி, இரண்டு கையையும் வாயருகே வைத்துக் கத்தினான். "மெஷினை நிறுத்து! எல்லாரும் வெளிய வாங்க! எதையும் எடுக்க வேணாம், அப்படியே போட்டுட்டு வாங்கடா!"

துளையிடும் சத்தம் நின்றது. ஆட்கள் ஓடிவந்தார்கள். இயக்குநர் விரித்த கையை மடக்காமலே கேட்டார். "என்ன தம்பி இது? கெஸ்ட் எல்லாம் வந்திருக்காங்க. ரிப்போர்ட்ல தெளிவா போட்டிருக்கோம், கூரை நிக்கும்னு!"

"ரிப்போர்ட் போட்டவரே உள்ள வரமாட்டேங்கறாரு சார். நீங்க மட்டும் எதுக்கு நிக்கறீங்க? வாங்க வெளிய!"

இயக்குநர் கோலி சாரைப் பார்த்தார். கோலி சார் தரையைப் பார்த்தார். ஒருவழியாக இயக்குநருக்கும் விளங்கியது. எவ்வளவு வேகமாக விளங்கியது என்றால், வாடிக்கையாளர்களை எல்லாம் முந்திக்கொண்டு முதல் ஆளாக வெளியே ஓடினார்.

சுரங்க வாசலில் வெயிலில் கண் கூசியது. கூரை அன்று விழவில்லை. விழுந்தால்தான் தப்பு என்று வைத்துக்கொண்டால் கோலி சார் தப்பே செய்யவில்லை. வாடிக்கையாளர்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி மாறி மாறிப் போனில் பேசினார்கள். இயக்குநர், தனக்கு முதலிலிருந்தே லேசாகச் சந்தேகம் இருந்ததாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் தன் ஆட்களைத் தலை எண்ணி முடித்து, கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றான். தலையெல்லாம் தூசி. இப்போது அவன் அச்சாக அக்கா மாதிரியே இருந்தான்.

"ஒரு நிமிஷம், ஒரே ஒரு அடி எடுத்து வைக்க உங்களால முடியல. நான் தினம் அதுக்குக் கீழதான் மாமா உக்காந்து சாப்பிடறேன். உங்களை நம்பி இத்தனை பசங்களையும் உக்கார வெச்சேன்." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க."

போய்விட்டான். கோலி சார் போனை எடுத்தார். மறுமுனையில் இயந்திரத்தின் உறுமல் கேட்டது. அவள் அதை நிறுத்தும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார். எதையும் பூசவில்லை, மெழுகவில்லை. எண்களைப் போடவில்லை என்றார். போட்டதாகப் பொய் சொன்னேன் என்றார். கூரைக்குக் கீழே போக முடியாமல் நின்றதையும் சொன்னார்.

மறுமுனையில் ஒரு கல் வட்டைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

"தம்பி வெளிய வந்துட்டானா?" என்று கேட்டாள்.

"வந்துட்டான்மா."

"அவன் பசங்க?"

"எல்லாரும் வந்துட்டாங்க. உள்ள ஒருத்தரும் இல்ல."

"அப்ப சரி" என்றாள் அவள். "இப்ப நீங்க உள்ள போய் நில்லுங்க."